செல் துண்டு பாய்ந்த கை: இன்சுலின் தந்த பான்டிங்கும் எங்கள் பிள்ளைகளின் இரத்தமும்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14 வந்தால் ஆஸ்பத்திரிகளிலும் பாடசாலைகளிலும் நீரிழிவு தினம் என்று பதாகை கட்டுவார்கள். விரலில் குத்தி இலவசமாகச் சீனி பார்ப்பார்கள். ஏன் இந்தத் திகதி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது ஒரு மனிதருடைய பிறந்தநாள். பெயர் பிரெடெரிக் பான்டிங். பிறந்தது 1891இல், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அலிஸ்ரன் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் காணியில். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் காரில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் காணி இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

நான் புல்மோட்டைக்காரன். திருகோணமலை மாவட்டத்தின் வடக்கு முனையில், கொக்கிளாய் வாவிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். இல்மனைட் மணலால் வெளியூராருக்குத் தெரிந்த ஊர். ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஊசியும் குழாயுமாகவே போயிருக்கிறது. ஆரம்பத்தில் சீனி பார்க்க வந்தவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பிறகு நாற்பது. இப்போது தாய்மார் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். கையில் இருக்கும் துண்டில் டொக்டர் நாலைந்து பரிசோதனை எழுதியிருப்பார். அந்தத் துண்டில் உள்ளதை விளங்கிக்கொள்வதற்குப் பான்டிங்கின் கதையை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவருடைய கதை போருக்குள்ளால் வந்த கதை என்பதும் ஒரு காரணம்.

வீட்டில் அவர் கடைக்குட்டி. படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. 1910இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலைப் பாடம் படிக்கச் சேர்ந்து, முதலாம் ஆண்டிலேயே சறுக்கினார். 1912இல் மருத்துவத்துக்கு மாறினார். இரண்டு வருடத்தில் முதலாம் உலகப் போர் தொடங்கியது. முன்னரங்குக்கு வைத்தியர்கள் தேவைப்பட்டதால் படிப்பைச் சுருக்கி, 1916 இறுதியில் அவருடைய வகுப்பை அப்படியே வெளியே அனுப்பினார்கள். இங்கிலாந்தில் காயப்பட்ட சிப்பாய்களுக்கு எலும்புச் சத்திரசிகிச்சை செய்தார். பிறகு பிரான்ஸ்.

1918 செப்டெம்பர் 28ஆம் திகதி, கம்பிறே என்ற நகருக்குக் கிட்டே, ஒரு செல் துண்டு அவருடைய வலது கையில் பாய்ந்தது. பின்னால் போகச் சொல்லியும் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு பல மணித்தியாலங்கள் மற்றக் காயக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பதிவு இருக்கிறது. பிறகு அந்தக் காயத்தில் கிருமி தொற்றி, ஆற மாதக்கணக்கானது. அடுத்த வருடம் மிலிற்றரி குறொஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

செல் துண்டு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் ஏற்றிவந்த காயப்பட்டவர்களை எங்கள் ஊர்க் கரையில்தான் இறக்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழு புல்மோட்டையில் கள ஆஸ்பத்திரி போட்டிருந்தது. காயம்தான் எல்லோருடைய கண்ணிலும் பட்டது. அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணித் தாய்மாரும் இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். மாதக்கணக்காகக் கஞ்சியில் கிடந்த உடம்புகள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போர் முடிந்து ஊர் திரும்பிய பான்டிங்குக்கு வேலை இல்லை. ரொறன்ரோவின் சிறுவர் ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் பயிற்சி செய்தார், நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரத்தில் வீட்டோடு ஒரு கிளினிக் திறந்தார். ஏறத்தாழ நாலு கிழமைக்கு ஒரு நோயாளியும் வரவில்லை. முதல் மாத வருமானம் நாலு டொலர். கலியாணம் பேசியிருந்த பெண்ணோடும் மனக்கசப்பு. போருக்குப் போய்வந்த எத்தனையோ பேருடைய நிலைமை இது. செலவுக்காகப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிப்பிக்கத் தொடங்கினார்.

1920 ஒக்ரோபர் 31 இரவு. அடுத்த நாள் பாடம், உடம்பு மாச்சத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது. அதற்காக ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர், சதையியைப் பற்றி மோசஸ் பரன் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையை வாசித்தார். சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. தமிழ்நாட்டில் கணையம் என்பார்கள். அது இரண்டு வேலை செய்கிறது. சாப்பாட்டைச் செமிக்கவைக்கும் சாறை ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அதற்குள்ளே தீவு தீவாக இருக்கும் சிறு கலக்கூட்டங்கள் வேறு ஏதோ ஒன்றை நேரே இரத்தத்துக்குள் விடுகின்றன. அந்த ஏதோ ஒன்று இல்லாவிட்டால் நீரிழிவு வரும் என்பதுவரை அப்போதே தெரியும். அதைப் பிரித்தெடுக்க முயன்ற பலர் தோற்றிருந்தார்கள். செமிபாட்டுச் சாறு அதையும் சேர்த்துச் செமித்துவிடுகிறது என்பது ஒரு ஊகம். பரனின் கட்டுரையில் ஒரு கல் குழாயை அடைத்திருந்தது. சாறு சுரக்கும் பகுதி கருகியிருந்தது, தீவுகள் சேதமில்லாமல் இருந்தன. அப்படியென்றால் நாயின் சதையிக் குழாயைக் கட்டிவிட்டு, சாறு வற்றிய பின் மிஞ்சுவதை எடுத்தால் என்ன என்று பான்டிங்குக்குத் தோன்றியது. இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குறிப்பெழுதினார். அதில் டயபிற்றீஸ் என்ற சொல்லுக்கே எழுத்துப் பிழை விட்டிருக்கிறார்.

அந்த யோசனையோடு ரொறன்ரோப் பேராசிரியர் மக்லியொட்டிடம் போனார். மக்லியொட் இந்தத் துறையில் உலகப் பெயர் பெற்றவர். எதிரே இருப்பவருக்கு ஆராய்ச்சிப் பழக்கமே இல்லை என்று அவருக்கு உடனே விளங்கியது. ஆனாலும் விடுமுறைக் காலத்துக்கு ஒரு அறையும் நாய்களும் மாணவர் ஒருவரின் உதவியும் கொடுத்தார். உதவிக்கு இருந்த இரண்டு மாணவர்களில் யார் முதலில் என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். சாள்ஸ் பெஸ்ற் என்ற இருபத்திரண்டு வயதுப் பொடியனுக்கு விழுந்தது. 1921 மே 17 வேலை தொடங்கியது. சம்பளம் கிடையாது. கோடை வெயில். நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

என் தொழிலுக்கு நெருக்கமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெஸ்ற்றின் பொறுப்பு இரத்தத்திலும் சிறுநீரிலும் சீனி அளப்பது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்வரை ஒரு தடவை சீனி பார்க்கவே நிறைய இரத்தம் வேண்டும். அடுத்தடுத்து எடுத்தால் நாய் இரத்தம் குறைந்தே செத்துப்போகும். 1910களில்தான் சிறிதளவு இரத்தத்தை எடுத்து, இரசாயனம் சேர்த்து, வரும் நிறத்தின் கடுமையைப் பார்த்துச் சீனியைக் கணிக்கும் முறைகள் வந்தன. அந்த முறை இல்லாவிட்டால் மணிக்கு மணி அளந்து பார்த்திருக்க முடியாது. முன்னர் முயன்று கைவிட்ட பலரிடம் இந்த அளவுகோல் இருக்கவில்லை. மருந்து கண்டுபிடித்த கதை என்று எல்லாரும் சொல்வார்கள், அளக்கக் கற்றுக்கொண்ட கதை என்றுதான் நான் சொல்வேன். 1921 ஜூலை 30, 410 என்று இலக்கமிட்ட நாய்க்குச் சாற்றை ஏற்றி ஒரு மணித்தியாலத்தில் சீனி 200இலிருந்து 120க்கு இறங்கியது. இது இன்று நாங்கள் அறிக்கையில் எழுதும் அதே அலகு: ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம்.

டிசம்பரில் கொலிப் என்ற உயிர் இரசாயனவியலாளர் சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு, ரொறன்ரோ பொது ஆஸ்பத்திரியில், பான்டிங்கும் பெஸ்ற்றும் தயாரித்த சாற்றை ஏற்றினார்கள். அவனுடைய நிறை முப்பது கிலோகூட இல்லை. சீனி கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது, நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, கொலிப் மதுசாரத்தால் சுத்தம் செய்த சாற்றை ஏற்றினார்கள். 520இல் நின்ற சீனி 120க்கு வந்தது. பிள்ளை எழும்பி நடந்தான். இன்னும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தான்.

மயங்கிக்கிடந்த பிள்ளைகள் நிறைந்த ஒரு வாட்டில் பான்டிங் கட்டில் கட்டிலாக ஊசி போட்டுக்கொண்டு போக, கடைசிப் பிள்ளைக்குப் போடுமுன் முதல் பிள்ளை கண்விழித்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அதைவிட மெதுவானது. ஜனவரியில் ஒரு பிள்ளை. பெப்ரவரியில் இன்னும் ஆறு பேர். பிறகு மருந்தைச் செய்ய முடியாமல் போய், பல வாரம் தவித்து, மறுபடி செய்யப் பழகினார்கள். அந்த இடைவெளியில் காத்திருந்த பெற்றோரை நினைத்தால் எனக்கு வாட்ஸ்அப் கதையைவிட இது பெரிதாகப் படுகிறது.

இன்சுலினுக்கு முன் நீரிழிவுப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. அமெரிக்காவில் அலன் என்ற வைத்தியர் அதை முறையாகச் செய்தார். சாப்பாட்டைக் குறைத்தால் சீனி ஏறாது, பிள்ளை ஒரு வருடமோ இரண்டு வருடமோ கூடுதலாக இருக்கும். அமெரிக்க வெளிவிவகார அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அப்படி மூன்று வருடம் இருந்தவள். 1922 ஓகஸ்ற்றில் பான்டிங்கிடம் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது ஆகும் தறுவாய், நிறை இருபது கிலோ அளவு. தோலுக்குள்ளால் எலும்பு தெரிந்த அந்தப் பிள்ளைகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். அவர்கள் சாப்பாடு இல்லாமல் மட்டும் மெலியவில்லை. இரத்தத்தில் சீனி நிறைந்து ஓடியும் அது கலங்களுக்குள் போகக் கதவு திறபடவில்லை. இன்சுலின்தான் அந்தக் கதவின் திறப்பு.

பான்டிங்கும் பெஸ்ற்றும் கொலிப்பும் காப்புரிமையை ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலர் என்று விற்றார்கள். அவர்கள் கோடீஸ்வரர்களாகியிருக்கலாம். நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் இன்சுலின் வாங்கக் காசில்லாமல் ஊசியைப் பாதியாகக் குறைத்துப் போட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் நாட்டில் அரச கிளினிக்கில் இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. யுத்தக் காலத்தில் கரண்ட் இல்லாத வீட்டில் என் மாமா ஒருவர் இன்சுலின் குப்பியை மண்பானைக்குள் வைத்து, பானையை ஈரமணலில் புதைத்து வைத்திருந்தார். சந்திக்குச் சந்தி மருந்துக்குத் தடை இருந்த காலம். அவருக்கு அந்தக் குப்பி எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை.

பான்டிங் சாந்த சொரூபியில்லை. சந்தேகப் புத்தி, முன்கோபம். மக்லியொட் தன் பெயரைத் தட்டிப் பறிக்கிறார் என்று கடைசிவரை நம்பினார். ஆய்வுகூடத்தில் கொலிப்போடு கைகலப்பு வரை போனது. 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் என்று அறிவித்தபோது, பெஸ்ற்றை விட்டுவிட்டார்கள் என்று கொதித்துத் தன் பங்கில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மக்லியொட் தன் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். அப்போது பான்டிங்குக்கு வயது 32. மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவ்வளவு இளம் வயதில் வாங்கியவர் இன்னும் இல்லை. குழாயைக் கட்டும் அந்த முதல் யோசனை தேவையே இல்லாதது என்பது பிறகு தெரிந்தது. மாட்டின் சதையியை மதுசாரத்தில் போட்டே நேரடியாக எடுக்க முடிந்தது. யோசனை பிழைத்தும் காரியம் நடந்தது.

பான்டிங் கண்டது இன்சுலின் இல்லாத பிள்ளைகளை. எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் கொழுத்த பிள்ளைகளிடம் நிலைமை தலைகீழ். இதைப் பான்டிங் உயிரோடு இருந்தபோதே இங்கிலாந்தில் ஹிம்ஸ்வேர்த் என்பவர் ஓரளவு கண்டுகொண்டார். 1936இல், சில நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் ஏற்றினாலும் அது சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டினார். ஆனால் இரத்தத்தில் இன்சுலினை அளக்க அப்போது வழியில்லை, அது அவ்வளவு நுண்ணிய அளவு. 1960இல்தான் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் போர்வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில், ரோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் அதை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அளந்து பார்த்தபோது, நடுவயதில் சீனி வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் குறைவாக இருக்கவில்லை, மற்றவர்களைவிடக் கூட இருந்தது.

கொழுத்த பிள்ளையின் உடம்பில் நடப்பதும் அதுதான். ஈரலிலும் தசையிலும் கொழுப்பு படியப் படிய, திறப்பு பூட்டுக்குள் இறுகத் தொடங்குகிறது. சதையி விட்டுக்கொடுக்காமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினை விடுகிறது. அதனால் சீனி பல வருடம் ஒழுங்காகவே இருக்கும். தாய் அறிக்கையைப் பார்த்துச் சீனி 92, பிரச்சினை இல்லை என்று சந்தோசமாகப் போவார். உள்ளே சதையி மாடாய் உழைத்துக்கொண்டிருக்கும். அது களைத்துப்போகும் நாளில்தான் சீனி ஏறத் தொடங்கும். வெறும் வயிற்றில் 100இலிருந்து 125வரை இருந்தால் எச்சரிக்கை, 126ஐத் தொட்டால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்றால் 5.7இலிருந்து எச்சரிக்கை, 6.5இலிருந்து நோய். ஒரு தடவை பார்த்து முடிவுகட்டாமல் திரும்பவும் பார்ப்பார்கள்.

சீனி நல்லாயிருக்கும் அந்த வருடங்களில் இரத்தத்தில் வேறு அடையாளங்கள் தெரியும். திரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஏறும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 90க்குக் கீழே இருப்பது நல்லது, 130ஐத் தாண்டினால் அதிகம். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் 40க்குக் கீழே இறங்கும். ஈரலின் எஸ்ஜிபிரி கூடும், ஈரலில் கொழுப்பு படிவதன் அறிகுறியாக இருக்கலாம். இவை அரச ஆஸ்பத்திரிகளிலேயே பார்க்கக்கூடிய சாதாரணப் பரிசோதனைகள். சிலர் இணையத்தில் வாசித்துவிட்டு இன்சுலின் அளவைப் பார்க்கவேண்டும் என்று காசு கட்டிக் கொழும்புக்கு இரத்தம் அனுப்புகிறார்கள். என் அபிப்பிராயம், டொக்டர் கேட்காவிட்டால் அது வீண் செலவு. வயதுக்கு வயது, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அந்த எண் மாறும். வயதுக்கு வரும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கொஞ்சம் கூடும். அதைவிடப் பிள்ளையின் பின் கழுத்தைப் பாருங்கள். ஊத்தை மாதிரிக் கறுத்து, வெல்வெற் துணி போலத் தடித்து, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் அது ஊத்தை இல்லை. இரத்தத்தில் இன்சுலின் கூடிக்கிடப்பதைத் தோல் காட்டுகிறது. தேங்காய்த் தும்பால் தேய்த்துப் புண்ணாக்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

தைரொயிட் பிரச்சினையாக இருக்குமோ என்று கேட்காத தாய் இல்லை. பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் இல்லை. ஓமோன் குறைபாட்டால் கொழுக்கிற பிள்ளை பொதுவாகக் கட்டையாகவே நின்றுவிடும். 1994இல் லெப்டின் என்ற ஓமோனைக் கண்டார்கள். கொழுப்புக் கலம் அதை விட்டு, போதும் என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அது பிறவியிலேயே இல்லாத இரண்டு பிள்ளைகளை 1997இல் இங்கிலாந்தில் அடையாளம் கண்டார்கள், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம். எட்டு வயதுப் பிள்ளை 86 கிலோ. ஆனால் அது மிக மிக அபூர்வம். வழமையாகக் கொழுத்த பிள்ளைக்கு லெப்டின் நிறையவே இருக்கும், மூளை அதைக் காதில் வாங்காது. சாப்பாட்டை அடக்கத் தெரியாத பிள்ளை என்று ஏசுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்தக் கப்பலில் வந்த தாய்மாரிடம் வருகிறேன்.

1944 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகள் ஒல்லாந்தின் மேற்குப் பகுதிக்குச் சாப்பாடு போகாமல் மறித்தன. ஆளுக்கு ஒரு நாளுக்கான பங்கீடு ஆயிரம் கலோரிக்குக் கீழே போனது. 1976இல், அந்தக் காலத்தில் பிறந்து பத்தொன்பது வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்த மூன்று லட்சம் இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், பிள்ளை பின்னாளில் கொழுப்பது கூடியிருந்தது. கர்ப்பத்தின் கடைசியிலும் பிறந்த கையோடும் பட்டினி கிடந்த பிள்ளைகளிடம் கொழுப்பது குறைந்திருந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஐம்பது வயதானபோது அவர்களுடைய உடம்பு சீனியைச் சரியாகக் கையாளவில்லை என்பது 1998இல் வெளிவந்தது. நைஜீரியாவில் பியாப்ரா யுத்தத்தின் முற்றுகைக்குள் பிறந்தவர்களையும் நாற்பது வயதில் பரிசோதித்தார்கள். பட்டினியில் பிறந்தவர்களுக்கு உயர் குருதியமுக்கமும் இரத்தச் சீனியும் கூட, நிறையும் கூட. வயிற்றில் இருக்கும் பிள்ளை வெளியே பஞ்சம் என்று கணக்குப்போட்டு, கிடைப்பதையெல்லாம் சேமிக்கும் உடம்பாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பது இதற்குத் தரும் விளக்கம். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அந்த அமைப்பே பிள்ளைக்கு வினையாகிறது.

வன்னியில் 2008லும் 2009லும் கருவில் இருந்த பிள்ளைகள் இன்று ஓ.எல்., ஏ.எல். எழுதும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சீனி வரும் என்று நான் சொல்லவில்லை. பயமுறுத்துவதற்காகவும் எழுதவில்லை. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இங்கேயோ, தாய் அந்தக் காலத்தில் கர்ப்பமாக இருந்தவர், பிள்ளை இடுப்புப் பெருத்து நிற்கிறது என்றால், டொக்டரிடம் அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் தாய்க்குச் சீனி இருந்ததா, குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த நேரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். இடுப்பின் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் இரத்தம் பார்க்க அது போதிய காரணம். வீட்டில் ஒரு நூல் போதும் அளக்க.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு தாய், மகனின் அறிக்கையை நான் நீட்டியபோது வாங்காமல் நின்றார். கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் செல் விழுந்து, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். மிஞ்சிய பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து வளர்த்திருக்கிறார். பாணுக்குச் சீனி போட்டு, பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து, சோடா. பிள்ளை கொழுத்து நிற்பதுதான் அவருடைய மனத்துக்கு ஆறுதல். அப்படிப்பட்ட தாயிடம் உங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு கூடிப்போச்சு என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளினிக்கில் அவசரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், அடுத்த மாதம் அவர்கள் வருவதில்லை. சோடாப் போத்தலில் இப்போது நிறப் பொட்டு போட்டிருக்கிறது, 2016இல் வந்த சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. அதைக் காட்டி, சிவப்பை மட்டும் விடுவோம் என்று தொடங்கினேன். மகன் பின்னேரத்தில் கடற்கரையில் பந்தடிக்கப் போகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த தடவை திரைகிளிசரைட் இறங்கியிருந்தது. நிறை இறங்கவில்லை. நிறை அப்படியே நிற்க உயரம் வளர்ந்தாலே வளரும் பிள்ளைக்குப் பாதி வெற்றி. பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது.

பான்டிங் தன் கடைசிக் காலத்தில் இன்சுலினை விட்டு வேறு பக்கம் போயிருந்தார். படம் வரையப் பழகி, ஜாக்சன் என்ற ஓவியருடன் 1927இல் ஆர்க்டிக் வரை போனார். 1934இல் சேர் பட்டம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி இராணுவ வேலை. உயரத்தில் பறக்கும் விமானிகள் மயங்காமலிருக்க ஆராய்ச்சி செய்வித்தார். கடுகு வாயுவைத் தன் காலிலேயே பூசிப் பரிசோதித்தார். எதிரி செய்யுமுன் நாங்களும் கிருமி ஆயுதம் ஆராயவேண்டும் என்று கனடா அரசை நெருக்கியவர்களில் அவரும் ஒருவர். இன்சுலின் தந்தவர் இதையும் செய்தார் என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. போர் நல்லவரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை.

1941 பெப்ரவரி 20 இரவு, இங்கிலாந்துக்குப் போகவிருந்த ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தில் நியூபவுண்லாந்திலிருந்து கிளம்பினார். இயந்திரம் பழுதாகி, விமானம் பனிக்காட்டில் விழுந்தது. விமானி தப்பினார். மற்ற இருவர் உடனே இறந்துபோக, பான்டிங் அடுத்த நாள் உயிர்விட்டார். வயது 49. உடலை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து மவுண்ட் பிளசன்ற் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அப்போது எலிசபெத் ஹியூஸுக்குக் கலியாணமாகி, பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் 1981வரை வாழ்ந்தார். 1922 கோடையில் பான்டிங்கிடம் வந்த இன்னொரு பிள்ளை ரெட் றைடர், ஐந்து வயது, நிறை பன்னிரண்டு கிலோ அளவு. எழுபது வருடம் இன்சுலின் போட்டுக்கொண்டு, 1993இல் தன் 76ஆவது வயதில் கண்ணை மூடினார்.